தூக்கத்துக்கு லாவெண்டர், மூட்டுக்கு நீலகிரித் தைலம்: எவ்வளவு, எப்படி, கைக்குழந்தை உள்ள வீட்டில் சரிப்படுமா?

பின்கட்டு எழுதியது:

வணக்கம். அம்மாவுக்கு வயது 72. படுத்தால் தூக்கம் வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. இரண்டு முழங்காலிலும் தேய்மான வலி. இதயத் துடிப்பு சீரில்லை என்று, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை போகிறது. அதே வீட்டில் 10 மாதக் குழந்தையும் உண்டு.

தண்ணீரைப் பனியாக்கி வாசனை பரப்பும் அல்ட்ராசோனிக் டிஃப்யூசர் ஒன்றும், கூடவே லாவெண்டர், யூகலிப்டஸ் (நீலகிரித் தைலம்), பெப்பர்மின்ட், லெமன்கிராஸ் என்று 15 மி.லி. பாட்டில்கள் நான்கும் வாங்கியிருக்கிறோம். உடன் வந்த தாளில் மன அழுத்தம், தூக்கமின்மை, நோய் எதிர்ப்பு சக்தி, நச்சு நீக்கம் என்று எல்லாம் போட்டிருக்கிறார்கள். எத்தனை சொட்டு என்பது மட்டும் எங்கேயும் இல்லை.

கேட்க வேண்டியவை: இந்த வாசனையெல்லாம் உண்மையில் மூளையில் ஏதாவது செய்கிறதா, இல்லை நம்பிக்கைதானா? முழங்காலுக்கு எதை எதில் எவ்வளவு கலப்பது? குழந்தைக்குச் சளி பிடிக்கும்போது தலையணையில் யூகலிப்டஸ் ஒரு சொட்டு விடலாமா? வாங்கிய எண்ணெய் அசலா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

---

நாசிநரம்பு எழுதியது:

முதல் கேள்வியை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். கலவைக் கணக்குக்கு இங்கே சரியான ஆள் இருக்கிறார், வருவார்.

வாசனை எண்ணெய் நம்மைத் தொட இரண்டு பாதை. ஒன்று மூக்கு நரம்பு, மற்றது ரத்தம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் பாதிச் சண்டை.

மூக்கின் உட்கூரையில் சில சதுர சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு சவ்வு. அதில் சுமார் 400 வகை மண ஏற்பிகள். இவற்றின் மரபணுக்களை லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்ஸெலும் 1991-இல் கண்டுபிடித்தார்கள். 2004-இல் நோபல் கிடைத்தது. பார்ப்பதும் கேட்பதும் மூளையின் நடுவில் உள்ள தாலமஸ் என்ற பகுதி வழியாகத்தான் மூளையின் மேற்பகுதிக்குப் போக வேண்டும். மணத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பயம், பதற்றத்தைக் கையாளும் அமிக்டலாவுக்கும், நினைவுக்கான பகுதிகளுக்கும் அது மிகக் குறுக்குவழியில் போய்ச் சேருகிறது. என்ன வாசனை என்று பெயர் சொல்லுமுன்பே பிடிக்கிறது, பிடிக்கவில்லை என்று தோன்றிவிடுவது இதனால்தான்.

ஆனால் பிடிக்கிறதா இல்லையா என்பதில் பழக்கத்துக்குப் பெரும்பங்கு உண்டு. சம்பங்கி மாலை ஒருவருக்குக் கல்யாண வீடு, இன்னொருவருக்கு இழவு வீடு. 2001-இல் ரேச்சல் ஹெர்ஸ் குழுவினர் ஒரே அமிலக் கலவையை ஒரு முறை பார்மசான் சீஸ் என்றும் இன்னொரு முறை வாந்தி என்றும் பெயர் சொல்லி முகரக் கொடுத்தார்கள். மணம் ஒன்றுதான், பெயர் மாறியதும் பிடித்தது பிடிக்காததாகிவிட்டது. "லாவெண்டர் எல்லாரையும் அமைதிப்படுத்தும்" என்று யாராவது சொன்னால் இந்தச் சோதனையை நினைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு அந்த வாசனை ஆஸ்பத்திரி பினாயிலை ஞாபகப்படுத்தினால் தூக்கம் வராது, போகும்.

அப்படியானால் எல்லாம் நம்பிக்கைதானா என்றால், அதுவும் இல்லை. லாவெண்டரில் முக்கியச் சரக்கு லினலூல், லினலைல் அசிட்டேட் இரண்டும். ஜப்பானின் ககோஷிமா பல்கலைக்கழகத்தில் 2018-இல் எலிகளுக்கு லினலூல் ஆவியை முகரக் கொடுத்தார்கள். பதற்றம் குறைந்தது, நடை தள்ளாடவில்லை. மணம் அறியும் திறனை அழித்த எலிகளிடம் அதே லினலூல் பலிக்கவில்லை. ஃபுளூமாசெனில் என்ற மருந்தைக் கொடுத்தபோதும் பலன் நின்றுவிட்டது. தூக்க மாத்திரைகள் வேலை செய்யும் இடத்தை அடைப்பதுதான் அந்த மருந்து. எலிக்குப் பேர் தெரியாது, விளம்பரமும் படிக்காது. ஆக, மணம் நரம்பு வழியாகவே ஏதோ செய்கிறது. மனிதரில் அது எவ்வளவு என்பதுதான் விவகாரம்.

ரத்த வழி வேறு. 2 சதவீத லாவெண்டர் கலந்த கடலை எண்ணெயை வயிற்றில் தேய்த்துப் பார்த்த 1992-ஆம் ஆண்டுச் சோதனையில், 20 நிமிடத்துக்குள் லினலூல் ரத்தத்தில் உச்சத்தைத் தொட்டு, ஒன்றரை மணி நேரத்தில் ஏறக்குறைய மறைந்தது. உள்ளே போகிறது, அளவு மிகச் சிறிது, சீக்கிரம் வெளியேறுகிறது. ஜெர்மனியில் 80 மி.கி. லாவெண்டர் எண்ணெய் அடைத்த கேப்ஸ்யூலைப் பதற்றத்துக்கு மருந்தாகவே விற்கிறார்கள். அது தரப்படுத்திய வேறு சரக்கு. அதைச் சாக்காக வைத்துப் பாட்டிலிலிருந்து நாக்கில் சொட்டு விடுகிற கூட்டம் ஒன்று இருக்கிறது, அதில் சேராதீர்கள்.

நச்சு நீக்கம், எதிர்ப்பு சக்தி இரண்டையும் அந்தத் தாளோடு கிழித்துப் போட்டுவிடலாம். ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2008-இல் எலுமிச்சை, லாவெண்டர், வெறும் தண்ணீர் மூன்றையும் வைத்துப் பார்த்தார்கள். எலுமிச்சை மனநிலையைத் தூக்கிவிட்டது. தோல் ஆறும் வேகம், உமிழ்நீரில் மன அழுத்த ஹார்மோன் அளவு இவற்றில் இரண்டு எண்ணெயாலும் பலன் இல்லை.

---

சும்மாசொல்லாதே எழுதியது:

எலிக்கு வேலை செய்ததெல்லாம் சரி. டிமென்ஷியா என்ற மறதி நோய் உள்ளவர்களுக்கு அரோமாதெரபி, அதாவது வாசனைச் சிகிச்சை கொடுத்த 13 ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் குழு 2020-இல் அலசிவிட்டு, பலன் உண்டு என்று நம்பும்படி ஆதாரம் இல்லை என்றுதானே எழுதினார்கள்? காசைத் தண்ணீரில் ஊற்றி ஆவியாக்குவதற்கு ஒரு மிஷின் வேறு.

---

நாசிநரம்பு எழுதியது:

அந்த அலசல் சரிதான், மறுக்கவில்லை. ஆய்வுகள் சின்னவை, ஒன்றுக்கொன்று முறை வேறு. இதில் தீராத சிக்கல் ஒன்று உண்டு: மாத்திரை என்றால் மாவு மாத்திரை கொடுத்து மறைக்கலாம், லாவெண்டர் வாசனையை யாரிடமிருந்து மறைப்பது? முகர்ந்தவருக்குத் தான் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

கேட்டவருக்கு இருப்பது டிமென்ஷியா அல்ல, தூக்கம் பிடிக்கத் தாமதம். அதற்கு இதை மருந்தாக நினைக்காமல் பழக்கமாக வைத்துக்கொண்டால் லாபம். தினமும் ஒரே நேரம், ஒரே வாசனை, விளக்கு மங்கல், போன் வேறு அறையில். சில வாரத்தில் அந்த வாசனையே தூங்கும் வேளைக்கு அடையாளமாகிவிடும். ஆகவே லாவெண்டரைப் பகலில் ஹாலில் போடாதீர்கள். போட்டால் அந்த அடையாளம் கரைந்துவிடும். லாவெண்டர்தான் வேண்டும் என்றும் இல்லை, அம்மாவுக்குப் பிடித்தது வெட்டிவேர் என்றால் வெட்டிவேர்.

---

சொட்டுக்கணக்கு எழுதியது:

வந்துட்டேன். முதல்ல ஒரு கணக்கு, அப்புறம் மத்தது.

சொட்டு மூடி போட்ட பாட்டில்ல சுமார் 20 சொட்டு 1 மி.லி. பாட்டிலுக்குப் பாட்டில் கொஞ்சம் கூடும், குறையும். 30 மி.லி. நல்லெண்ணெய்ல 6 சொட்டு விட்டா 1 சதவீதம், 12 சொட்டு விட்டா 2 சதவீதம். பெரியவங்க உடம்புக்கு 2 போதும். முகத்துக்கு 1-க்கு மேல வேண்டாம். 70 தாண்டினவங்க தோல் மெலிசு, அதனால அம்மாவுக்கு 1-ல ஆரம்பிச்சு 2-ல நிறுத்துங்க.

முழங்காலுக்கு: நல்லெண்ணெய் 30 மி.லி., யூகலிப்டஸ் 6 சொட்டு, லாவெண்டர் 4, பெப்பர்மின்ட் 2. முதல் வாரம் எல்லாத்தையும் பாதியாக்கி 3, 2, 1. ஒரு காலுக்கு ஒரு டீஸ்பூன் எடுத்து, முட்டிச் சில்லைச் சுத்தி, தொடைப் பக்கம் மேல்நோக்கி 10 நிமிஷம் மெதுவா தேய்க்கணும். தேய்ச்ச உடனே வெந்நீர்ப் பை வைக்காதீங்க. சூடு பட்டா தோல் இழுக்குற அளவு ஏறும், பெப்பர்மின்ட் குளிர்ச்சியில சூடு எவ்வளவுன்னே தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும்.

எதிர்பார்ப்பை அளவா வெச்சுக்குங்க. ஈரான்ல 2016-ல வந்த முழங்கால் ஆய்வுல லாவெண்டர் மசாஜ் பண்ணவங்களுக்கு உடனேயும், ஒரு வாரம் கழிச்சும் வலி குறைஞ்சிருந்தது. நாலாவது வாரத்துல வித்தியாசம் இல்லை. தொடர்ந்து தேய்ச்சாத்தான் உண்டு, தேய்மானம் ஒண்ணும் சரியாகாது.

இப்ப முக்கியமான சமாச்சாரம். அம்மா வார்ஃபரின் சாப்பிடுறாங்க. ஊட்டி போயிட்டு வர்றவங்க வாங்கிட்டு வர்ற விண்டர்கிரீன் தைலம் இருக்கே, அதைத் தொடவே கூடாது. அது கிட்டத்தட்ட முழுக்க மெத்தில் சாலிசிலேட், ஆஸ்பிரின் குடும்பம். தோல் வழியா உள்ள போய் வார்ஃபரினோட சேர்ந்து ரத்தத்தை இன்னும் உறைய விடாம பண்ணும். இதனால ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகுதுன்னு காட்டுற அளவு) ஏறி ரத்தக்கசிவு வந்தவங்க உண்டு. வலி பாம், ஸ்பிரே வாங்கும்போது பின்பக்கம் படிங்க: மெத்தில் சாலிசிலேட்னு இருக்கலாம், ஆயுர்வேத லேபிள்ல கந்தபுரா தைலம்னு இருக்கும். ரெண்டும் ஒண்ணுதான். விண்டர்கிரீன் ஒரு டீஸ்பூன் குடிச்சா அது 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமம், அதாவது இருபது மாத்திரைக்கு மேல. குழந்தை இருக்கற வீட்டுல அந்தப் பாட்டிலே வேண்டாம். நான் சொன்ன கலவையைக்கூட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வார்ஃபரின் எழுதிக் கொடுக்கிற டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க.

தடவும் முன்னாடி சோதனை: கலந்த எண்ணெய் ரெண்டு சொட்டு முழங்கை உள்பக்கம் வெச்சு 48 மணி நேரம் பாருங்க. சிவந்தா, அரிச்சா அந்த எண்ணெய் அவங்களுக்கு ஆகாது. "கொஞ்ச நாள்ல பழகிடும்"னு தொடர்ந்தா நடக்கறது தலைகீழ்: ஒவ்வாமை ஒருமுறை ஒட்டிக்கிட்டா பெரும்பாலும் வாழ்நாளுக்கும் போகாது. அப்புறம் அதே லினலூல் இருக்கற சோப்பு, பவுடர்கூட அரிக்கும்.

லெமன்கிராஸை முழங்கால் கலவைல சேர்க்காததுக்கும் இதுதான் காரணம். ஒவ்வாமையைக் கிளப்புற சிட்ரால் அதுல நிறைய, தோலுக்கு 0.7 சதவீதம்தான் எல்லை, 30 மி.லி.க்கு 4 சொட்டு. பட்டைத் தைலம் 0.07, கிராம்புத் தைலம் 0.5. பல்வலிக்குக் கிராம்புத் தைலத்தை அப்படியே ஊத்தி ஈறு வெந்து போறது இதனாலதான். லெமன்கிராஸைத் தரை துடைக்கிற தண்ணில விடுங்க, நல்லா இருக்கும்.

எலுமிச்சை, பெர்கமாட் மாதிரித் தோலைப் பிழிஞ்செடுத்த எண்ணெய்களை வெயில் படுற இடத்துல தடவாதீங்க. அதுல இருக்கற ஃபுரோகூமரின்ங்கற பொருள் வெயிலோட சேர்ந்து தோலைச் சுட்டுக் கருந்தழும்பு விடும். பெர்கமாட்டுக்கு 0.4 சதவீதம் தாண்டினாலே ஆபத்து. தடவின இடத்துல 12 மணி நேரமாவது வெயில் கூடாது. ஆவில காய்ச்சி எடுத்த எலுமிச்சை எண்ணெய்க்கு இந்தத் தொல்லை இல்லை.

டிஃப்யூசருக்கு 100 மி.லி. தண்ணிக்கு 3 சொட்டு. 10-க்கு 12 ரூம்னா அது தாராளம். படுக்கறதுக்கு அரை மணி முன்னாடி போட்டு, படுக்கும்போது அணைச்சிடணும். ராத்திரி முழுக்க ஓட விடறவங்க செய்யற தப்பு என்னன்னா, பத்து நிமிஷத்துல மூக்கு பழகிப் போய் வாசனை தெரியாது. தீர்ந்துடுச்சுன்னு இன்னும் அஞ்சு சொட்டு விடுவாங்க. காலையில தலைவலி, தொண்டைக் கரகரப்பு. வாசனை தெரியலைன்னா வெளியே போய் ரெண்டு நிமிஷம் நின்னுட்டு வந்து முகர்ந்து பாருங்க.

டிஃப்யூசர் வேண்டாம்னா பஞ்சுல ஒரு சொட்டு விட்டுத் தலைமாட்டுலருந்து ஒரு முழம் தள்ளி வெச்சாலே போதும். தலையணை உறைல நேரா விடாதீங்க, கறையும் போகாது, கன்னத்துலயும் ராத்திரி முழுக்க படும்.

பெப்பர்மின்ட் மீதி இருக்கும். தலை இறுக்கிப் பிடிக்கிற வகைத் தலைவலிக்கு நல்ல ஆதாரம் இருக்கற பிரயோகம் இது: ஆல்கஹால்ல 10 சதவீதம் கரைச்ச பெப்பர்மின்ட்டை நெத்தி, பொட்டுல தடவி, 15 நிமிஷம் கழிச்சு ஒருமுறை, இன்னும் 15 நிமிஷம் கழிச்சு ஒருமுறை. 1996-ல ஜெர்மனில பண்ண ஆய்வுல 1000 மி.கி. பாராசிட்டமாலுக்கு ஈடா நின்னுது. நான் மேல சொன்ன 2 சதவீதக் கணக்கு இதுக்குப் பொருந்தாது. சின்ன இடம், பெரியவங்களுக்கு மட்டும், கண்ணிமை பக்கம் போகக் கூடாது.

---

பின்கட்டு எழுதியது:

மிக்க நன்றி. விண்டர்கிரீன் பாட்டில் ஒன்று உண்மையிலேயே அலமாரியில் இருந்தது, எடுத்துவிட்டேன்.

குழந்தை விஷயம் இன்னும் பாக்கி. பெரியவர்கள் ஓமமும் பச்சைக் கற்பூரமும் துணியில் முடிந்து தொட்டிலில் கட்டச் சொல்கிறார்கள். பச்சைக் கற்பூரம் பாயசத்தில் போடுவதுதானே, அதில் என்ன என்கிறார்கள். இன்னொன்று: டிஃப்யூசரில் தண்ணீருக்குப் பதில் தேங்காய் எண்ணெயில் கலந்து ஊற்றினால் வாசனை நிற்குமா?

---

நொச்சி எழுதியது:

தொட்டிலில் கட்ட வேண்டாம். தலையணையில் யூகலிப்டஸ் சொட்டும் வேண்டாம். 2 வயதுக்குக் கீழ் கற்பூரம், மெந்தால், யூகலிப்டஸ் மூன்றும் மூக்கின் பக்கத்திலோ நெஞ்சிலோ கூடாது. கடையில் விற்கும் சளித் தைல டப்பாக்களிலும் 2 வயதுக்குக் கீழே வேண்டாம் என்று பொடி எழுத்தில் இருக்கும், பாருங்கள்.

காரணம் சொல்கிறேன். மெந்தால் மூக்கில் படும்போது உள்ள குளிர்ச்சி, குளிரை உணரும் டிஆர்பிஎம்8 என்ற ஏற்பியை அது தட்டிவிடுவதால் வருவது. அடைப்பு ஒரு துளிகூடத் திறப்பதில்லை; காற்று நன்றாகப் போவது போல மூளைக்குத் தோன்றுகிறது, அவ்வளவே. பெரியவருக்கு அந்த ஆறுதல் போதும். கைக்குழந்தைக்கோ மூக்கில் திடீரென்று காரமான ஆவி பட்டால் மூச்சு நின்றுபோகும் அனிச்சைச் செயல் உண்டு, குரல்வளை இறுகுவதும் உண்டு. 2021-இல் ஓமம், கிராம்பு, கற்பூரப் பொட்டலத்தை முகர்ந்தால் ஆக்சிஜன் ஏறும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றியதே, அதன் பின்னாலிருந்தது இதே ஏமாற்று உணர்வுதான். ஆக்சிஜன் ஏறாது.

கற்பூரம் நரம்பைத் தூண்டி வலிப்பு வரவைக்கும் பொருள். பச்சைக் கற்பூரமானாலும் பூஜைக் கற்பூரமானாலும் அதில் இருக்கும் மூலக்கூறு ஒன்றுதான். பாயசத்தில் போடுவது கடுகளவு, ஒரு குண்டானுக்கு. தொட்டிலில் தொங்குவதைக் குழந்தை பிடித்திழுத்து வாயில் வைத்துக்கொண்டால் கணக்கே வேறு: சின்னக் குழந்தைகளில் 1 கிராம் கற்பூரமே உயிரைப் பறித்ததாக மருத்துவப் பதிவு உண்டு. விழுங்கிய சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். யூகலிப்டஸும் சளைத்ததல்ல. ஒரு டீஸ்பூன் உள்ளே போனால் குழந்தை மயங்கிச் சரியும்.

விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், புளித்தண்ணீர் எதுவும் வேண்டாம். இந்த எண்ணெய் தொண்டையில் ஏறி நுரையீரலுக்குள் சறுக்கினால் நிமோனியா. வாயைத் துடைத்துவிட்டு, பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு 108 அல்லது அருகிலுள்ள அவசரப் பிரிவு. கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடம். தோலில் நேராகக் கொட்டினால் முதலில் ஏதாவது சமையல் எண்ணெயால் துடைத்துவிட்டுப் பிறகு சோப்பு.

குழந்தையின் சளிக்குச் செய்ய வேண்டியது எளிது: 0.65 சதவீத உப்புநீர் மூக்குச் சொட்டு மருந்துக்கடையில் கிடைக்கும். பால் கொடுக்கும் முன் ஒவ்வொரு மூக்கிலும் ஓரிரு சொட்டு. மூச்சு வேகமாகி விலா உள்ளிழுத்தாலோ, பால் குடிக்க முடியாமல் போனாலோ மருத்துவரிடம்.

வீட்டில் யாருக்காவது வலிப்பு நோய் இருந்தால் யூகலிப்டஸும் கற்பூரமும் பெரியவர்களுக்கும் ஆகாது. தென்னிந்திய நரம்பியல் மருத்துவர்கள் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், வலிப்போடு வந்த பெரியவர்களில் ஒரு பகுதியினர் அதற்குச் சற்று முன் இந்த எண்ணெய்களைத் தடவியோ முகர்ந்தோ இருந்தது தெரியவந்தது. பாம் தேய்ப்பதையெல்லாம் யாரும் மருந்துக் கணக்கில் சொல்வதில்லை, மருத்துவரும் கேட்பதில்லை. ஆஸ்துமா உள்ளவர்கள் டிஃப்யூசர் அறையில் இருமினால் உடனே அணைத்துவிட வேண்டும். பூனை வளர்ப்பவர்கள் டீ ட்ரீ எண்ணெயை வீட்டில் வைக்காமல் இருப்பதே நல்லது. பூனையின் ஈரலுக்கு இந்தச் சரக்கைக் கழிக்கும் திறன் குறைவு.

பெரியவர்கள் ஆவி பிடிக்க: அடுப்பை அணைத்து, பாத்திரத்தை மேசைக்கு மாற்றி, 5 நிமிடம் ஆறவிட்டு, யூகலிப்டஸ் 2 சொட்டு. கண்ணை மூடிக்கொண்டு 5 நிமிடம். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஒரே போர்வைக்குள் பிடிப்பதை அடியோடு நிறுத்துங்கள். தீக்காயப் பிரிவுக்கு வரும் குழந்தைகளில் ஆவி பிடிக்கும்போது வெந்நீர் கொட்டியவர்களும் உண்டு.

---

காய்ச்சிவடி எழுதியது:

அசல் பார்ப்பது பற்றி.

லேபிளில் தாவரப் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வெறும் "யூகலிப்டஸ்" என்றால் எதுவும் இருக்கலாம். சளிக்கும் மூட்டுக்கும் நாம் சொல்லும் நீலகிரித் தைலம் யூகலிப்டஸ் குளோபுலஸ். அதன் சரக்கு சினியோல். மருந்துத் தரத்துக்கு ஐரோப்பிய மருந்துநூல் 70 சதவீதமாவது கேட்கிறது. சிட்ரியோடோரா என்று போட்டிருந்தால் அது எலுமிச்சை வாடை அடிக்கும் வேறு மரம். முக்கியச் சரக்கு சிட்ரோனெல்லால், சினியோல் பேருக்குத்தான். கொசுவுக்கு ஆகும், சளிக்கு ஆகாது. பெப்பர்மின்ட் என்றால் மெந்தா பைபெரிடா. மெந்தா ஆர்வென்சிஸ் என்றிருந்தால் அது உத்தரப் பிரதேசத்தில் பெருமளவில் விளையும் புதினா வகை, மெந்தால் 70 சதவீதத்துக்கு மேல் இருக்கும், பைபெரிடாவைவிடக் காரம், சொட்டைப் பாதியாக்குங்கள்.

லாவெண்டரில்தான் தில்லுமுல்லு அதிகம். அசல் ஆங்குஸ்டிஃபோலியா எண்ணெயில் கற்பூரம் 1.2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அதைவிட மலிவான கலப்பினம் லாவண்டின். அதன் குரோசோ வகையில் கற்பூரம் 6 முதல் 8 வரை போகும். முகர்ந்தால் பின்வாசனையில் தைல நெடி ஏறும். தூங்க வைக்க வாங்கியது விழிக்க வைக்கும். "லாவெண்டர் 40/42" என்று ஒரு சரக்கு சந்தையில் ஓடுகிறது. பெரும்பாலும் லாவண்டின், செயற்கை லினலூல் எல்லாம் கூட்டி, வாசனைச் சரக்கின் விகிதத்தைக் காட்டும் அந்த எண்ணுக்குச் சரிக்கட்டியது. சோப்புக்கு நல்ல சரக்கு, தூக்கத்துக்குக் கேட்டவருக்குப் பொருந்தாது.

வீட்டுச் சோதனை: வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு மறுநாள் பாருங்கள். வடைத்தாள் போல எண்ணெய்ப் பட்டை நின்றால் சமையல் எண்ணெய் கலந்திருக்கிறார்கள். வெட்டிவேர், சந்தனம் இரண்டும் கனம், அசலானாலும் பல நாள் நிற்கும். அவற்றுக்கு இந்தச் சோதனை செல்லாது. செயற்கை வாசனை கலந்ததை எந்த வீட்டுச் சோதனையும் காட்டாது. அதற்கு, எண்ணெயில் என்னென்ன சரக்கு எவ்வளவு என்று ஆய்வகத்தில் பிரித்துக் காட்டும் ஜிசிஎம்எஸ் அறிக்கைதான். விற்பவரிடம் கேளுங்கள், அறிக்கையில் உள்ள பேட்ச் எண் பாட்டிலில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். எல்லாப் பாட்டிலுக்கும் ஒரே பழைய அறிக்கையை அனுப்புபவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொரு எளிய வழி, இருக்கவே முடியாத பெயரைத் தேடுவது. மல்லிகையை ஆவியில் காய்ச்சினால் மணம் வெந்து கெட்டுவிடும். நம் சத்தியமங்கலம், மதுரைப் பக்கத்து மல்லி கரைப்பான் வைத்துத்தான் எடுக்கப்படுகிறது. ஒரு டன் பூவுக்கு வருவது மூன்று கிலோவை ஒட்டிய மெழுகுப் பசை, அதையும் இன்னும் சுத்திகரிக்க வேண்டும். ஆகவே 200 ரூபாய்க்கு "சுத்தமான மல்லிகை எசென்ஷியல் ஆயில்" 15 மி.லி. விற்கும் கடையில் லாவெண்டரையும் வாங்காதீர்கள். நீலகிரித் தைலம் அப்படியில்லை. 100 கிலோ இலைக்கு ஒரு கிலோவை ஒட்டி வரும், காய்ச்சிய சக்கையே அடுத்த கொதிகலனுக்கு விறகு. அதனால் மலிவாகக் கிடைப்பது ஒன்றும் சந்தேகத்துக்குரியதல்ல.

வைக்கும் விதம்: பழுப்புக் கண்ணாடி, இறுக்கிய மூடி, இருட்டு. ரப்பர் பிடி வைத்த டிராப்பரைப் பாட்டிலிலேயே விட்டுவைத்தால் ஆவி ரப்பரைக் கரைத்து எண்ணெயில் கலந்துவிடும். பாதிக்கு மேல் காலியான பாட்டிலைச் சின்னப் பாட்டிலுக்கு மாற்றுங்கள், ஏனெனில் உள்ளே உள்ள காற்றுதான் எதிரி. லினலூல், லிமோனீன் இரண்டும் காற்றுப் பட்டு ஹைட்ரோபெராக்சைடாக மாறும். மேலே சொட்டுக்கணக்கு சொன்ன ஒவ்வாமைக்கு அசல் எண்ணெயைவிட இந்தக் கெட்டுப்போன எண்ணெயே பெரிய காரணம். திறந்த தேதியை லேபிளில் எழுதிவிடுங்கள். எலுமிச்சை வகை ஒரு வருடம், லாவெண்டர், யூகலிப்டஸ் இரண்டு வருடம். தாண்டினால் தோலுக்கு வேண்டாம், தரை துடைக்க வைத்துக்கொள்ளலாம்.

---

சும்மாசொல்லாதே எழுதியது:

நானும் ஒன்று கொடுத்துவிட்டுப் போகிறேன். வாசனையால் நடக்கும் காரியங்களில் நான் ஒப்புக்கொள்வது குமட்டல். அதற்கு எந்தத் தைலமும் தேவையில்லை. ஊசி போடும் முன் துடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் துண்டு இருக்கிறதே, அதைப் பிரித்து மூக்குக்குக் கீழே ஓரிரு சென்டிமீட்டரில் பிடித்து ஒரு நிமிடம் ஆழமாக மூச்சிழுக்க வேண்டும். இரண்டு நிமிடம் விட்டு இன்னொரு தடவை. அவசரப் பிரிவுகளில் சோதித்துப் பலன் பார்த்தது. துண்டின் விலை சில ரூபாய்.

---

சொட்டுக்கணக்கு எழுதியது:

அது சரியான தகவல், பெரியவங்களுக்கு மட்டும்.

தேங்காய் எண்ணெய்க் கேள்வி பாக்கி. அல்ட்ராசோனிக் டிஃப்யூசர்ல சமையல் எண்ணெய் ஒரு சொட்டுகூடக் கூடாது. அடியில இருக்கற சின்ன வட்டத் தகடு அதிர்ந்து தண்ணியைப் பனியாக்குது. எண்ணெய் படிஞ்சா அதிர்வு அமுங்கிப் பனி வராது, சூடாகித் தகடு போயிடும். அப்படியே பனியா வந்தாலும், கொழுப்பெண்ணெய் நுரையீரலுக்குள்ள போனா வெளியேற வழியில்லை. பக்கெட் குளியல் தண்ணிலயும் தைலத்தை நேரா விடாதீங்க, கரையாம மேல மிதந்து முதல் சொம்புலயே உடம்புல மொத்தமா ஒட்டும், பெப்பர்மின்ட்னா எரிச்சல் தாங்காது.

டிஃப்யூசருக்கு ஆர்ஓ தண்ணி ஊத்துங்க. உப்புத் தண்ணின்னா மேசை மேல வெள்ளைத் தூள் படியும், அதையேதான் மூச்சுலயும் இழுப்பீங்க. தினமும் மீதித் தண்ணியைக் கொட்டிட்டுத் துடைச்சு வையுங்க, தண்ணி வர்ற பக்கமா சாய்க்கணும், காத்து வர்ற துவாரத்துப் பக்கம் சாய்ச்சா மோட்டார் நனையும். வாரம் ஒருமுறை பாதி அளவு தண்ணில ஒரு ஸ்பூன் வினிகர் விட்டு அஞ்சு நிமிஷம், ஜன்னலைத் திறந்து வெச்சுட்டு ஓட விட்டு, பஞ்சுக் குச்சியால தகட்டைத் துடைங்க. கத்தி, ஊசி வெச்சுச் சுரண்டாதீங்க. குழந்தை தூங்கற ரூம்ல இல்லாம அம்மா ரூம்லயே, எட்டாத உயரத்துல.